படப்பிடிப்புக்கு முன் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி வீடொன்றில் தனித்திருக்கும் மாணவியையும், ஆளில்லாத அடுத்த வீட்டில் விடாமல் ஒலிக்கும் தொலைபேசியையும் வைத்து நாங்கள் எடுக்கவிருக்கும் திகில் குறும்படத்தின் திட்டமிடல் வேலைகள் கடந்த வாரம் நிறைவடைந்தன. கமெரா இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஆயினும், படத்தின் முடிவில் ஓடும் பெயர்வரிசையில் ஒரு கணம் தோன்றி மறைவதற்குள் அடங்கிவிடக்கூடியதல்ல உங்கள் உதவி என்பதால், இம்மடலை இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் விரிவுரையாளருக்கு முதல் நன்றி. எனது முதற் பிரதியில், அடுத்த வீட்டுத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்திருந்தேன். அதை வாசித்துவிட்டு, திகில் பட இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் சொன்ன குண்டு உதாரணத்தை அவர் விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமலே அது வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. இருப்பதை முன்னரே காட்டிவிட்டாலோ, மேசையைச் சுற்றியிருப்போரின் சாதாரணப் பேச்சே 15 நிமிடத் தவிப்பாகிவிடும். அன்றிரவே திறப்பை மூன்றாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு, அவள் தேநீர் ஊற்றும் காட்சியைக்கூட எங்களால் நிம்மதியாக வாசிக்க முடியவில்லை.

முதலில் இடம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் மறுத்தபோது, மூன்று மாலைகளுக்குத் தம் வீட்டையே விட்டுத்தந்த குடும்பத்தினருக்கும், சூரியன் மறைந்து ஏறத்தாழ 20 நிமிடங்களில் கொழும்பில் இருள் கவிந்துவிடும் என்பதைக் கணக்கிட்டு, அந்திக் காட்சிகளை அம்மூன்று மாலைகளுக்கும் பிரித்துத் தந்த ஒளிப்பதிவாளர் அண்ணாவுக்கும் நன்றி.

தொடர்மாடிக் காவலாளி ஐயா செய்ததை நான் என்றும் மறவேன். மரைன் டிரைவ் வீதிக்கும் கடலுக்கும் இடையே ஓடும் கரையோர ரயிலின் இரைச்சல்தான் எங்கள் கதையில் கதவு திறக்கும் ஓசையை மறைக்க வேண்டும். அதே இரைச்சல் உரையாடலின் நடுவே வந்தால் ஒலிப்பதிவு வீணாகிவிடும். கால அட்டவணையை மட்டும் நம்பி இதைத் திட்டமிட முடியாது. எங்கள் கவலையைக் கேட்ட ஐயா, ஒன்பது மாலைகள் வாசலில் இருந்தபடியே, ரயில்கள் உண்மையில் கடந்த நேரங்களைக் கலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். சில நேரங்களுக்கு எதிரே "ஜன்னல் அதிர்ந்தது" என்றும் எழுதியிருந்தார். நாங்கள் கேட்கவே தோன்றாத விபரம் அது. அத்தாள் இப்போது காட்சிகளை வரைந்து வைத்திருக்கும் எங்கள் ஸ்டோரிபோர்ட்டின் முதற் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அலறல் கேட்டால் எவரும் பதற வேண்டாம் என்ற அறிவித்தலைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தயாரித்து ஒவ்வொரு மாடியிலும் ஒட்டிய நண்பர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. அதை வாசித்துவிட்டு, இரண்டாம் மாடி அம்மா என்னை அழைத்தார். படத்தில் இரவில் கதவு பலமாகத் தட்டப்படும் காட்சி இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின்னர் அந்தச் சத்தத்தைத் தம்மால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். காட்சியை நீக்கிவிடுகிறோம் என்றதற்கு அவர் உடன்படவில்லை. எடுப்பதற்கு முன் அறிவித்தலோடு நின்றுவிடாமல், நேரில் வந்து ஒரு சொல் சொன்னால் போதும் என்றார். பயத்தைப் பற்றிப் படம் எடுக்கப் புறப்பட்ட எனக்கு, அந்தச் சத்தமே சிலருக்குக் கதையல்ல என்பதை உணர்த்தியவர் அவர்.

அம்மா, அக்காட்சி எடுக்கும் இரவில், முதல் ஒத்திகைக்கு முன்பே நான் மாடியேறி வருவேன். உங்கள் கதவைத் தட்ட மாட்டேன். வெளியே நின்று பெயர் சொல்லி அழைப்பேன்.

மிக்க நன்றியுடன்,
இயக்குநரும் குறும்படக் குழுவினரும்,
கொழும்பு