அங்கிக்குள் இரண்டு பிள்ளைகள்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் உன் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது. பேரன் பள்ளி நாடகத்தில் டைனி டிம் வேஷம் போடுகிறான் என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அம்மா அதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

டைனி டிம் என்ற ஊன்றுகோல் ஊன்றும் ஏழைப் பையன் வருகிற, சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையை எத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருப்பேன்! எல்லாம் பள்ளி நூலகத்தில் கிடந்த சுருக்கப் பதிப்பை வைத்துத்தான். ஓய்வு பெற்ற பிறகே முழுப் புத்தகத்தைப் படித்தேன். படித்தால், அதில் இரண்டு பிள்ளைகள் கூடுதலாக இருக்கிறார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில், கஞ்சன் ஸ்க்ரூஜைத் திருத்த வரும் மூன்று ஆவிகளில் இரண்டாவதன் பச்சை அங்கிக்குக் கீழே ஏதோ நீட்டிக்கொண்டிருப்பது அவன் கண்ணில் படுகிறது. காலா, பறவை நகமா என்று கேட்கிறான். ஆவி அங்கியை விலக்குகிறது. ஒரு பையன், ஒரு பெண். வெளிறி மஞ்சளான முகம், கந்தல், ஓநாய்ப் பார்வை. ஒப்புக்கு 'நல்ல பிள்ளைகள்' என்று சொல்லப் பார்க்கிறான். பொய் தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது. உம்முடைய பிள்ளைகளா என்று கேட்டால், மனிதருடைய பிள்ளைகள் என்கிறது ஆவி. பையன் அறியாமை, பெண் இல்லாமை. இருவரில் பையனிடம்தான் அதிகம் எச்சரிக்கை வேண்டுமாம். இவர்களுக்குப் போக்கிடமே கிடையாதா என்கிறான் ஸ்க்ரூஜ். முதல் நாள் நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் அவன் கேட்ட கேள்வியே திரும்பி வருகிறது: "சிறைச்சாலைகள் இல்லையா? ஏழை விடுதிகள் இல்லையா?" இங்கிலாந்தில் 1834-இல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு அந்த விடுதிகளில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகளைத் தனித்தனியாகத்தான் அடைத்தார்கள்.

டைனி டிம் மேல் இரக்கப்படுவது சுலபம், தேன். சமத்துப் பிள்ளை, தோளில் தூக்கிக்கொள்ள அப்பா இருக்கிறார். பார்த்தாலே விலகிப் போகத் தோன்றும் அந்த இருவருக்காகத்தான் டிக்கன்ஸ் பேனாவை எடுத்தார் என்று எனக்குப் படுகிறது. 1843 தொடக்கத்தில், தொழிற்கூடங்களில் வேலை செய்த சிறுவர்களைப் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துவிட்டு, ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் முதலில் நினைத்தார். செப்டம்பரில் லண்டனின் ஃபீல்ட் லேனில் இருந்த கந்தல் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். கந்தல் உடுத்திய பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொன்ன பள்ளி. உன் ஆபீஸ் ஃபாரிங்டனில்தானே? சஃப்ரன் ஹில் பக்கம் நடந்தால் அந்த இடம்தான். அப்புறம் பிரசுரம் கதையானது. டிசம்பர் 19-இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகளும் தீர்ந்துபோயின. அவரே 12 வயதில், அப்பா கடனுக்காகச் சிறையில் கிடந்தபோது, ஷூ மை டப்பாவுக்கு லேபிள் ஒட்டியவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் ஒரு பையன் தூங்குவான். எழுப்பி வெளியே நிற்க வைப்பேன். விடியற்காலை நாலு மணிக்கே பால் பாக்கெட் போடப் போகிறவன் என்று அவன் பள்ளியை விட்டு நின்ற பிறகுதான் தெரிந்தது. டைனி டிம்முக்குக் குரல் கம்மிய வாத்தியார் நான்.

சரி, நாடகத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் வருகிறார்களா, வெட்டிவிட்டார்களா? பேரனிடம் கேட்டுச் சொல். வருகிறார்கள் என்றால் அந்தக் காட்சியையும் வீடியோ எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா