டிரெய்லருக்கு முதலில் இசையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், கல்லூரி மாணவர்கள் தங்கள் குறும்படத்துக்கு டிரெய்லர் வெட்டுவது எப்படி என்று வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் "முதலில் இசையைத் தேர்ந்தெடுத்து டைம்லைனில் போடுங்கள், பிறகு அதன் தாளத்துக்கு ஷாட்டுகளை வெட்டுங்கள்" என்று எல்லாப் படங்களுக்கும் சேர்த்துச் சொல்லியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாண வீடியோவுக்கு அது சரி, பன்னிரண்டு வருஷமாக நான் அந்த வேலையை அப்படித்தான் செய்கிறேன். பறவையையும் குளத்தையும் பற்றிய படத்துக்கு அதே வழியில் போனால் படம் கெட்டுப்போகும். என் கையால் ஒன்று அப்படிக் கெட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பற்றி 14 நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்ததாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம் அது. மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் வேப்பமரத்திலும் கூடு கட்டும். கூட்டிலிருந்து கீழே விழும் குஞ்சை எடுத்து வளர்த்துவிடுகிற ஊர், பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வேட்டுப் போடாத ஊர். இதெல்லாம் எனக்குத் தெரிந்தும், டிரெய்லருக்கு உட்கார்ந்தபோது கை பழக்கப்படி போய்விட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு இசைத்துணுக்கு, நிமிடத்துக்கு 120 அடி, பத்து விநாடிக்கு ஒருமுறை 'டம்' என்று ஒரு பெரிய இடி. 120 அடி என்றால் ஒரு அடிக்கு அரை விநாடி, அதாவது விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் 12 பிரேம்தான். நாரை ஒன்று கூட்டில் வந்து இறங்குகிற ஷாட் இருந்தது, நான்கு விநாடி. கால் இரண்டையும் முன்னால் நீட்டி இறங்கும், கிளை ஒரு ஆட்டம் ஆடும், இறக்கையை மடக்காமலே இரண்டு எட்டு வைத்துச் சமாளிக்கும், அப்புறம்தான் குஞ்சுகள் கழுத்தைத் தூக்கும். தாளத்துக்கு வெட்டியதில் கால் நீட்டியது மட்டும் மிஞ்சியது. குஞ்சு தலை தூக்குவதற்குள் அடுத்த ஷாட் வந்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு போய் ஊரில் ஒரு ஆச்சியிடம் செல்போனில் காட்டினோம். அவர் வீட்டு வேப்பமரத்துக் கூடுகளைத்தான் படத்தில் அதிகம் எடுத்திருந்தார்கள். முதல் இடி விழுந்ததுமே ஆச்சி நிமிர்ந்து, "ஏய்யா, எங்க ஊர்ல எவன் வேட்டுப் போட்டான்?" என்றார். வேட்டு இல்லை ஆச்சி, மியூசிக் என்றேன். "குஞ்சு பயந்து கூட்டைவிட்டு விழுந்துருமேய்யா" என்று சொல்லிவிட்டு மரத்தைத்தான் பார்த்தார், போனை மறுபடி பார்க்கவில்லை. அன்று இரவே அந்த டிரெய்லரை அழித்தேன்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் போட்டு எடுக்கிற பறவை ஷாட்டில் பறவையின் சத்தம் இருக்காது, காற்றும் கேமராமேன் மூச்சும்தான் இருக்கும். ஸ்லோமோஷனில் எடுத்தால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எடிட்டர் கைக்கு வருவது ஊமைப்படம். அந்த வெறுமையை நிரப்பத்தான் அவசரமாக இசையைத் தேடுகிறோம், அல்லது ஏதாவது தொகுப்பிலிருந்து ஒரு சத்தத்தை எடுத்து ஒட்டுகிறோம். கழுகு என்றாலே கீச்சென்று ஒரு அலறல் வருமே, அமெரிக்கப் படங்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவிய அந்தச் சத்தம் அங்குள்ள செவ்வால் பருந்து ஒன்றினுடையது. நம்மூர்ச் செம்பருந்து மேல் அதைப் போட்டால் பறவை பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் சின்ன ரெக்கார்டர் ஒன்றைக் காற்றுக்குப் பஞ்சுறை மாட்டி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆச்சி வீட்டு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அலகைக் கடகடவென்று தட்டும். சத்தமெல்லாம் குஞ்சுகளுடையது, இரை கேட்டு விடாமல் கரகரவென்று கத்தும். நடுநடுவே அடிபம்பு, வாசல் தெளிக்கிற சத்தம், தூரத்தில் பஸ் ஹாரன். இரண்டு மணி நேரம் பதிவானதைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி வெட்ட ஆரம்பித்தேன். நாரை இறங்குகிற ஷாட் முழு நான்கு விநாடியும் திரும்ப வந்தது, ஏனென்றால் குஞ்சுகளின் கத்தல் கூடி உச்சத்துக்குப் போவது அந்த நான்காவது விநாடியில்தான்.

இசை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயற்கை என்றதும் புல்லாங்குழலை எடுக்கிற பழக்கமும் போதும் என்று தோன்றியது. எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரைக் கேட்டோம். குடத்தை மட்டும் கொண்டுவந்து, கச்சேரி வேகத்தில் இல்லாமல் உள்ளங்கையால் மெதுவாக, இருபது நிமிடம் வாசித்துக் கொடுத்தார். அலகு தட்டுகிற சத்தத்துக்கு அடியில் அந்தக் குடத்தின் 'தும்' அவ்வளவு இயல்பாகப் பொருந்தியது. 75 விநாடி டிரெய்லரில் குடம் வருவது 30 விநாடிகூட இல்லை. அவருக்குப் பணம் கொடுத்து, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தக் கையெழுத்தை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இலவசம் என்று இறக்குகிற இசைக்கும் உரிமையாளர் உண்டு, நிபந்தனை உண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடலுக்கு உரிமை தனி, அதன் ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. தியாகராஜர் 1847-ல் மறைந்தார், அவர் கீர்த்தனையை யாரும் பாடலாம், வாசிக்கலாம். ஆனால் போன வருடம் ஒரு வித்வான் பாடி வெளியிட்ட பதிவை அனுமதியில்லாமல் எடுத்து டிரெய்லரில் போட முடியாது, ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு ஓடும். பறவைக் குரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் செனோ-கான்டோ போன்ற தளங்களிலும் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி உரிமம் போட்டிருக்கும், வணிகப் பயன்பாட்டுக்குக் கூடாது என்று பல பதிவுகளில் இருக்கும். அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஒலிப்பதிவுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் களத்தில் ஒலி பிடிக்கிற ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். புதிய டிரெய்லரை ஆச்சியிடம் நாங்கள் இன்னும் காட்டவில்லை. குஞ்சுகள் பறந்து மரம் காலியாவதற்குள் ஒருமுறை போக வேண்டும்.

இப்படிக்கு,
படத்தொகுப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.