ஸ்பீக்கரை இப்போதே மாட்டிவிடாதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நலமே. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ரெசிஸ்டர் மேல் இருக்கும் கலர் கோடுகள் மறுபடி தெளிவாகத் தெரிகின்றன. இதைவிட எனக்கு என்ன வேண்டும், சொல்!

சரி, நீ வாங்கியிருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் பாட்டுப் போட்டுக் காட்டினார், அருமையாக இருந்தது என்கிறாய். கடையில் ஐந்து நிமிஷம் பாடியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சூடேறுகிற வரைக்கும் எந்த டிரான்சிஸ்டரும் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகத்தான் இருக்கும். உன் நல்ல ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் ஒரு நாள் பொறு. அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் எல்லாம் வேண்டாம். மல்டிமீட்டர், 100 வாட் குண்டு பல்பு, கையில் இருக்கிற போன், ஒன்றிரண்டு ரெசிஸ்டர், இவை போதும்.

முதலில் பிளக்கைச் சொருகாமலே மூடியைக் கழற்றிப் பார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் உஷார். அடிக்கடி ஃபியூஸ் போய் அலுத்துப்போன யாரோ செய்த வேலை அது. கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கும். சப்ளையைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா, போர்டில் கருகல் உண்டா என்றும் பார்த்துவிடு. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒன்று மட்டும் புதுசாகப் பளபளத்தால் அதன் மேல் ஒரு கண் இருக்கட்டும். 2என் 3055 என்று அச்சடித்து, உள்ளே சின்னச் சில்லு வைத்த போலிகள் நிறையவே புழங்குகின்றன.

அடுத்தது சீரீஸ் லேம்ப். ஃபேஸ் ஒயரை பல்பு வழியாகக் கொண்டு போ. எல்இடி பல்பு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்து, கண்டென்சர்கள் நிறைந்ததும் மங்கிவிட்டால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பு நடுவில் இருப்பதால் உள்ளே எப்பேர்ப்பட்ட ஷார்ட் இருந்தாலும் மெயின்ஸிலிருந்து சுமார் அரை ஆம்பியருக்கு மேல் கரண்ட் தொடர்ந்து போகாது. ஆகவே புதிதாக எதுவும் புகைவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. உன்னுடையது பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்த செட், அதனால் இந்த வித்தை சரிப்படும்.

இதில்தான் எல்லாமே இருக்கிறது: ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, அவுட்புட் முனைகளில் டிசி மில்லிவோல்ட் அளந்து பார். 50க்குள் இருந்தால் கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் பெரும்பாலும் ஓர் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். 30 வோல்ட் டிசி 8 ஓம் ஸ்பீக்கருக்குள் போனால் 112 வாட், அதுவும் இடைவிடாமல். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகி முடிந்த பிறகுதான் உனக்கு வாசனையே வரும். பல்பை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் சூடேறிய பிறகு, இதே அளவை மறுபடி எடு. சூட்டில் நகர்கிற டிசிதான் எனக்குப் பயம்.

வாட் கணக்கு அப்புறம். முன்பக்கம் 400 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்கிறாய். அதைக் கிழித்துப் போடு! உள்ளே சப்ளை வோல்ட்டை அளந்து பார். பிளஸ் மைனஸ் 35 வோல்ட் என்றால், இரண்டு ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜ் இல்லாத செட்டில் ஒரு சேனலுக்கு 8 ஓமில் 76 வாட்டைத் தாண்டவே முடியாது. நிஜத்தில் 60 கிடைத்தால் பெரிது. சோதிக்க ஆசையாக இருந்தால் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 100 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரைக் கனமான அலுமினியத் தகட்டில் முடுக்கி மாட்டு. போனில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் போட்டு, மீட்டரை ஏசியில் வை. சாதா மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் பொய் சொல்லும், அதனால்தான் 200. மீட்டர் 20 வோல்ட் காட்டினால் 50 வாட். ஒலி உடைகிற இடத்தைக் கண்டுபிடிக்க, 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சீரீஸில் போட்டு ஒரு டப்பா ஸ்பீக்கரை அதே முனைகளில் மாட்டு. வால்யூமை ஏற்ற ஏற்ற, ஊதல் மாதிரி வந்த சத்தம் திடீரென்று கரகரக்கும். அந்த இடத்தில் மீட்டர் காட்டுவதுதான் உன் செட்டின் உண்மையான பலம்.

இதெல்லாம் டிரான்சிஸ்டர் செட்டுக்குத்தான். நம் ஊர்த் திருவிழாவில் குழாய் கட்டிப் பாடவிட்டோமே, அந்த வால்வு செட்டை லோடு, அதாவது ஸ்பீக்கர், இல்லாமல் ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். மைக்செட் அண்ணன் இதைச் சொல்லி எத்தனை முறை நம்மைத் திட்டியிருப்பார்!

ஒன்று மட்டும் கவனம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதே. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கண்டென்சரின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு நிமிஷம் வைத்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கையை வை.

டிசி எவ்வளவு, சப்ளை எவ்வளவு என்ற இரண்டையும் எழுதி அனுப்பு. டிரான்சிஸ்டர் நம்பரையும் சேர்த்து எழுது. அடுத்த மாசம் சென்னைக்குப் போகிறேன். ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த கடையில் ஒரிஜினல் ஜோடி கிடைத்தால் வாங்கி வருகிறேன். காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
செல்வம்