கொல்லிமலைக்கு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். அந்த 70 கொண்டை ஊசி வளைவுல ஸ்கூட்டர்ல போகாத, பஸ்ல போ. போன்ல நீ பேசி நாப்பது நாளாச்சு. மலையில டவர் இல்லன்னு அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

நீ எழுதின கட்டுரைய டீக்கடையில நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். எம் பொண்ணுன்னு சொல்றப்போ குரல் கொஞ்சம் உசந்துதான் போச்சு. ஆனா சாமையும் தினையும் விதைச்சவங்க மரவள்ளிக்குப் போனது "பண ஆசை"ன்னு ஒரு வரி போட்டிருக்கியே, அது எனக்கு ஒத்துக்கல. சாமை மானாவாரி, முத்துற நேரம் மழை அடிச்சா கதிர் கொட்டிப் போகும். மரவள்ளி மண்ணுக்குள்ள கிடக்கும், கைமுடை வந்தா புடுங்கலாம், ஜவ்வரிசி மில்லுக்கு லாரி வந்து ஏத்திட்டுப் போகுது. 2011-ல ரேஷன் அரிசியும் சும்மா கிடைச்சப்புறம் எவன் சாமை குத்துவான்?

எவன்னு எழுதிட்டேன். எவன்னு எழுதக்கூடாது, எவள்னு எழுதணும்.

நம்ம மேட்டுக்கொல்லையில வரகை விட்டு முந்திரிக்குப் போனது செம்மண்ணுக்குன்னுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கேன், உன்கிட்டயும். அது பொய். வரகு உமி லேசுல விடாது, அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டிருக்கும். உங்கம்மா விடியுறதுக்கு முன்னாடி திருகைய சுத்துவா, புடைப்பா, திரும்பவும் சுத்துவா. உள்ளங்கை தோல் உரிஞ்சு, சோறு பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டா. நான் நெய்வேலியில ஷிஃப்டு முடிச்சு வந்து, கல்லு நெரடுதுன்னு தட்டைத் தள்ளினவன். ஒரு தடவை கூட அந்தத் திருகைப் பிடியை நான் தொட்டதில்ல.

ஒரு ஆடி மாசம் அவளே கன்னு வாங்கியாந்து கொல்லை பூரா நட்டுட்டா. என்னைக் கேக்கல. ரெண்டு மாசம் நான் அவகிட்ட பேசல. அந்தக் குணம் உனக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு?

அந்த முந்திரியிலதான் நீ படிச்ச. தானே புயல்ல அத்தனையும் சாஞ்சப்போ நான் திண்ணையிலேயே உக்காந்துட்டேன். மறுபடி கன்னுக்குப் போனது அவதான்.

அங்க ஆம்பளைங்க சொல்றதை மட்டும் எழுதிக்காத. உரல்கிட்ட உக்காந்து பொம்பளைங்களக் கேளு. ஸ்கூட்டர் வேணாம்.

அம்மா திதி கார்த்திகை 9. நீ பேச்சை நிறுத்தின அன்னிக்கு அத்தை முன்னாடி நான் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சேலத்துல விருத்தாசலம் பஸ் ஏறினதும் ஒரு மெசேஜ் போடு, போதும். எத்தனை மணின்னாலும் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.

அப்பா