இஞ்சிக் குளிசையும் கிளினிக் கொப்பியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஞ்சிச் சத்து மூளையைக் காக்கும் என்று ஞாயிறு பக்கத்தில் வந்த குறிப்பை வாசித்தேன். அதில் விடுபட்டதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 78 வயது. களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்து எங்களைப் படிப்பித்தவர். இப்போது காலையில் கிள்ளி முடித்த வெற்றிலையை மத்தியானம் மறந்துவிட்டு மறுபடி தோட்டத்துக்குப் புறப்படுகிறார். இதய நோய்க்காரர், இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குளிசை குடிக்கிறார்.

போன வருடம் ஒருவர் வீடு தேடி வந்து, ஞாபகம் திரும்பிவிடும் என்று சொல்லி இஞ்சிச் சத்துக் குளிசைப் போத்தல் ஒன்றை விற்றார். விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கினேன், அம்மா என் பெயரைத் தடுமாறாமல் கூப்பிட வேண்டும் என்ற ஆசை. மூன்றாம் கிழமை பல் விளக்கும்போது முரசில் இரத்தம். கிளினிக்கில் இரத்தம் சோதித்த டாக்டர் முதலில் கேட்டதே, "வேறு ஏதும் கொடுக்கிறீங்களா?" என்றுதான். போத்தலைக் காட்டினேன். இஞ்சிதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் வோபரினோடு இஞ்சிச் சத்துச் சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடலாம், கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார். நிறுத்தினோம், இரத்தமும் நின்றது.

இஞ்சியில் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதிலுள்ள ஜிஞ்சரோல் என்ற காரப் பொருளில் ஒரு பகுதி, இஞ்சி காய்ந்து வேர்க்கொம்பாகும்போது ஷோகாவோல் என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. இரண்டும் அழற்சியைத் தணிப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் நடுத்தர வயதுப் பெண்கள் 60 பேரைப் பிரித்து, சிலருக்கு நாளுக்கு 400 அல்லது 800 மில்லிகிராம் இஞ்சிச் சத்தும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சத்து எடுத்தவர்கள் ஞாபகச் சோதனைகளில் முன்னேறினார்கள். சரி, நல்ல செய்திதான். ஆனால் அந்த 60 பேரும் சுகதேகிகள். என் அம்மாவைப் போல மறதி முற்றியவர்கள் அல்ல. விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லை, தங்கள் குறிப்பிலும் இல்லை.

இப்படியான செய்தி போடும்போது, யாரை வைத்து ஆய்வு செய்தார்கள், எத்தனை பேர், எந்த மருந்து குடிப்பவர்கள் கவனமாயிருக்க வேண்டும் என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். பேப்பரில் வந்தால் கிளினிக் கொப்பியைவிட அதை நம்புகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

அம்மா இப்போதும் பின்னேரத்தில் இஞ்சிப் பிளேன்ரீ கேட்பார். சின்னத் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டுக் கொடுக்கிறேன், டாக்டரிடம் கேட்டுத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுதாவளை, மட்டக்களப்பு.