நீண்டகால நோயுடன் வாழும் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

மருந்து உதவி, முகாம், சந்தா என்றுதான் வழக்கமாக ஆரம்பிப்போம். இந்த முறை அவற்றைக் கடைசியில் நான்கு வரியில் முடித்துக்கொள்கிறேன். ஆண்டின் பெரும்பகுதி ஒரு நோட்டைச் சுற்றியே ஓடிவிட்டது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு முதல் வகை நீரிழிவு, தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டிய நோய். சர்க்கரை அளவை அவனே பார்த்துக் குறித்துவைக்கும் நோட்டை இரண்டாவது கூட்டத்துக்கு அம்மா பெருமையோடு எடுத்து வந்தார். 112, 118, 109, 121. கைதட்டினோம். பக்கங்களைப் புரட்டிப் பார்த்த மூத்த உறுப்பினர் மட்டும் தட்டவில்லை. இரண்டு வாரத்து எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதியதுபோல் இருந்தன. விரலைக் குத்தித்தானே சர்க்கரை பார்க்கிறோம், ஆனால் ஒரு தாளில்கூட ரத்தக் கறை இல்லை. அடுத்து வந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை, நோட்டில் இருந்த எண்கள் கற்பனை என்ற உண்மையைச் சொல்லிவிட்டது. “நிஜத்தை எழுதினா அம்மா முகம் வாடிப்போகுது” என்றான் பையன். நோயைவிட எங்கள் முகங்கள்தான் அவனுக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கின்றன. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகுதான் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்தோம். இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று அவர் சொன்னதே பாதி ஆறுதல். 1960களில் இங்கிலாந்தின் வைட் தீவில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் பள்ளிக் குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள். நாள்பட்ட உடல்நோய் உள்ள பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. வலிப்பு உள்ளவர்களிடம் அதையும் தாண்டியது. அழுகிற, முரண்டு பிடிக்கிற பிள்ளையை எப்படியும் கவனித்துவிடுவோம், ‘சமத்து’ என்று பெயர் வாங்கிய பிள்ளையைத்தான் தவறவிடுவோம் என்றார் மருத்துவர். அரங்கில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதையும் விளக்கினார். களைப்பு, தூக்கக் கோளாறு, பசியின்மை எல்லாம் மனச்சோர்வுக்கும் உண்டு, சிறுநீரக நோய்க்கும் உண்டு. சர்க்கரை இறங்கினாலும் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பயந்தாலும் அதேதான். முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்பது அவர் சொன்ன வழி. உடல் அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், பிடித்த விளையாட்டில்கூட ஆர்வம் போய்விட்டதா, ‘நான் எல்லாருக்கும் தொல்லை’ என்கிறதா என்று கவனிக்கச் சொன்னார்.

மருந்துகளைப் பற்றிய பேச்சுக்குத்தான் நோட்டும் பேனாவும் அதிகம் வெளியே வந்தன. ஸ்டீராய்டு மனநிலையைப் புரட்டிப்போடும். வலிப்புக்கான லெவெடிராசெட்டம் சில பிள்ளைகளை எரிந்து விழ வைக்கும். ஆஸ்துமாவுக்கான மாண்டெலுகாஸ்டுக்கு 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனநலப் பக்கவிளைவு பற்றித் தன் உச்ச எச்சரிக்கையைச் சேர்த்தது. இதெல்லாம் தெரியாமல் ‘செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு’ என்று பேச்சு வாங்கிய பெற்றோர் நம்மிடையே உண்டு. அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்காக நடத்திய முதல் அமர்வு தோல்வி. வட்டமாக உட்கார வைத்து ‘மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க’ என்றோம். யார் சொல்லுவார்கள்? இரண்டாவது முறை பொம்மைகளையும் ஊசியில்லாத சிரிஞ்சுகளையும் தரையில் பரப்பிவிட்டு விலகிக்கொண்டோம். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா சிறுமி ஒருத்தி பொம்மையின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள். “அசையாதே, அசைஞ்சா இன்னொரு தடவை குத்துவாங்க” என்றாள். ஐந்து வயதுப் பையன் ஒருவன், தம்பியை அடித்ததால்தான் தனக்கு நோய் வந்தது என்று பொம்மையிடம் ஒப்புக்கொண்டான். அந்த வயதில் நோயைத் தண்டனை என்று எண்ணுவது சகஜமாம். நமக்குத்தான் அது தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட ‘உன் தப்பு இல்லை’ என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

நோயில்லாத உடன்பிறப்புகளுக்குத் தனிக் கூட்டம் வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது, கூட்டம் நடக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. ஊசி போடும்போது பெற்றோரில் ஒருவர் அருகில் இருக்க அனுமதி கேட்டு ஒரு மருத்துவமனைக்கு இரண்டு முறை எழுதினோம். பதில் இல்லை. குழந்தைகள் வார்டில் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பிரிட்டனில் பிளாட் குழு பரிந்துரைத்தது 1959இல். நாம் மூன்றாவது கடிதம் எழுதுவோம்.

இதர பணிகள்: ஆள் சேராததால் மாதக் கூட்டங்களில் இரண்டு ரத்தாயின. மருந்து உதவி தடையின்றி நடந்தது. சந்தா பாக்கி போன ஆண்டைப் போலவே இழுத்துக்கொண்டிருக்கிறது. கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார்.

அந்தப் பையன் இப்போது புது நோட்டு வைத்திருக்கிறான். சில கட்டங்கள் காலி. போன வாரம் ஒரு பக்கத்தில் 287 இருந்தது, பக்கத்திலேயே ‘இன்னிக்கு ஊசி போடப் பிடிக்கலை, அம்மாகிட்ட சொல்லிட்டேன்’ என்று எழுதியிருந்தான். அம்மாவும் மகனும் சம்மதித்ததால் இங்கே சொல்கிறேன்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்