அந்தப் பிரசவக் காத்திருப்பு அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

மலைப்பகுதி சுகாதாரப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மலைக்குச் சாலை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 108 அடிவாரம் வரைதான் வரும் என்பதும் தெரியும். அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, போன ஐப்பசியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பி பெண்டாட்டிக்கு இது இரண்டாவது பிள்ளை. தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போதே அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். "வலியே வரலையே, இப்பவே வந்து என்ன பண்றது? வலி வந்ததும் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு வலி வந்தது, மழையையும் கூட்டிக்கொண்டு.

சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி ஒருவன் 108-க்குப் பேசினான். மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி நான்கு பேர் தூக்கினார்கள். நான் டார்ச்சோடு முன்னால் நடந்தேன். 11 கிலோமீட்டர். பகலில் வெறுங்கையோடு இறங்கினாலே மூன்று மணி நேரம் ஆகும். பாதி வழியில், ஓடைக்கு இந்தப் பக்கம், பிள்ளை பிறந்துவிட்டது. டோலியை இறக்கி வைக்க அங்கே சமதளம் கிடையாது. நான்கு பேரும் கம்பை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சேற்றில் நின்றார்கள். நஞ்சுக்கொடி விழுந்தது. ரத்தம்தான் நிற்கவில்லை. என் முந்தானையைக் கிழித்து மடித்து வைத்தேன், நனைந்தது. தம்பி வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தான், அதுவும் நனைந்தது. வண்டியில் ஏற்றும்போது விடிந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு இப்படி ரத்தம் போனால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கருப்பை சுருங்கப் போடுகிற ஆக்சிடோசின் ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும். அது ஃபிரிட்ஜில் இருக்கும், ஓடைக்கரையில் இருக்காது.

வார்டில் ஒரு நர்ஸம்மா திட்டினார்: "தேதி கிட்ட வந்தா முன்னாடியே கீழ வந்து தங்கணும்னு தெரியாதா?" ராத்திரி முழுக்க நின்ற களைப்பு அவருக்கு, நான் பதில் பேசவில்லை. உங்களிடம் கேட்கிறேன்: எங்கே தங்குவது?

ஏனென்றால் அதற்கு ஓர் அறை இருக்கிறது. எங்களைத் திருப்பி அனுப்பிய அதே கட்டடத்தின் பின்பக்கம், 'மகப்பேறு காத்திருப்பு அறை' என்று நீல எழுத்தில் சுவரிலேயே எழுதியிருக்கிறது. கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கால் உடைந்த கட்டில்கள், கொசுப்புகை அடிக்கிற மெஷின், ஏதோ முகாமின் கிழிந்த பேனர். சாவி கேட்டால் நர்ஸ் மருந்தாளுநரைக் கைகாட்டுகிறார். அவர், முன்பிருந்த டாக்டர் மாற்றலாகிப் போனபோதே சாவி எங்கே என்று தெரியவில்லை என்கிறார். கொசு மெஷின் மட்டும் எப்படி உள்ளே போய் வருகிறதோ.

அந்த அறையைத் திறந்துவிடுங்கள். இதுதான் கோரிக்கை.

இது புது யோசனையும் இல்லை. கியூபாவில் 1962-லேயே இப்படிக் காத்திருப்பு இல்லங்கள் தொடங்கிவிட்டார்கள். எத்தியோப்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் இருக்கின்றன. இரண்டு கட்டில், ஒரு கக்கூஸ், ஒரு அடுப்பு போதும். கூட வருகிற ஆளுக்கும் சோறு வேண்டும். இலவசச் சாப்பாடு அட்மிட் ஆன தாய்க்குத்தான். காத்திருப்பவளுக்கும் துணைக்கு வந்தவளுக்கும் கிடையாது. மாமியார் பத்து நாள் கூலியை விட்டுவிட்டு, ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார முடியுமா?

2018–20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் பெருமைதான். ஆனால் சராசரிக்குக் கால் கிடையாது, அது மலை ஏறி வந்து பார்க்காது. 2023-இல் வேலூர் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாயே தூக்கிக்கொண்டு நடந்த பிறகுதான் சாலையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறீர்கள், நன்றி. பெட்டகத்தில் இருக்கிற பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு அந்தத் தெம்பில் 11 கிலோமீட்டர் இறங்கச் சொல்கிறீர்களா? எங்கள் டோலிக்கு மூங்கில் வெட்டியதற்கு யாரும் இன்னும் கேஸ் போடவில்லை, அந்த மட்டும் தயவுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாலை வர வருஷங்கள் ஆகும் என்று எங்களுக்கும் தெரியும். நான் சாலை கேட்கவில்லை. அறையைத்தான் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் இன்னும் மூன்று பேருக்குத் தை மாதத்துக்குள் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒருத்திக்கு முதல் பிள்ளை, மார்கழி கடைசி வாரம். தயவுசெய்து அதற்குள் சாவியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பூட்டை உடைக்க ஒரு வரி உத்தரவு போடுங்கள், கூட்டிக் கழுவி விடுவதை நாங்களே வந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைக்கு இந்தப் பக்கம் பிறந்தவளின் அத்தை